புகை வராத தொழிற்சாலை: வட சென்னையில் டேட்டா சென்டர் வந்தால் ஊர் என்ன செய்ய வேண்டும்? முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரு தொழிற்சாலையை மூக்கால் அடையாளம் கண்டுவிடுவார்கள். காற்று மணலியில் இருந்து திரும்பினால் ஒரு வாடை, எண்ணூரில் இருந்து வந்தால் வேறொரு வாடை. அத்திப்பட்டு பக்கம் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுத்து உதறினாலே அனல்மின் நிலையச் சாம்பல் தெரியும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது சைரனுக்கு முன்பே மூக்குதான் ஜனங்களை எழுப்பியது.

டேட்டா சென்டருக்கு அப்படி வாடை எதுவும் இல்லை. வானுயரப் புகைபோக்கி இல்லை, கேட்டில் ரசாயன லாரி நிற்காது. ஜன்னலே இல்லாத பெரிய வெள்ளைக் கட்டடம், சுற்றிலும் உயரமான மதில், அவ்வளவுதான். "கம்ப்யூட்டர் கம்பெனி வருது, நல்லதுதானே" என்று ஊரும் விட்டுவிடும். உள்ளே ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒரு நொடி நிற்காமல் ஓடுவதும், அந்தச் சூட்டைத் தணிக்கத் தண்ணீரோ கூடுதல் மின்சாரமோ தேவைப்படுவதும், கரன்ட் போனால் ஓட வரிசையாக டீசல் ஜெனரேட்டர்கள் காத்திருப்பதும் மதிலுக்கு வெளியே தெரியாது. மூக்கால் கண்டுபிடிக்க முடியாததைக் காகிதத்தால்தான் கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் காகிதம், எங்கே கிடைக்கும், எத்தனை நாளுக்குள் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

சென்னைக்கு ஏன் இவ்வளவு டேட்டா சென்டர்கள் வருகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுக் கடலடிக் கேபிள்கள் பல கரையேறும் நகரம் இது. தமிழ்நாடு அரசு 2021 இல் டேட்டா சென்டர்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. 2022 இல் மத்திய அரசு இவற்றுக்கு உள்கட்டமைப்புத் தகுதி கொடுத்தது, அதனால் கடன் வாங்குவது சுலபமானது. இதுவரை அம்பத்தூரும் சிறுசேரியும்தான் முக்கிய இடங்கள். வடக்கே கடலோர நிலமும் உயர் அழுத்த மின்பாதைகளும் இருக்கும்போது இந்தப் பக்கம் பார்வை திரும்பாது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

முதலில் மனதில் பதிய வேண்டியது: பொது விசாரணை கிடையாது

வட சென்னைக்காரர்களுக்குப் பொது விசாரணை புதிதல்ல. காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியில் நடக்கவிருந்த கூட்டம் எதிர்ப்புக்கு நடுவே தள்ளிவைக்கப்பட்டது. எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கு 2024 டிசம்பரில் கூட்டம் நடந்தபோது மைக்கைப் பிடித்துப் பேசியவர்கள் நம்மவர்கள். இந்தப் பழக்கத்தில் "கலெக்டர் கூட்டம் போடுவார், அன்று போய்ப் பேசிக்கொள்ளலாம்" என்று காத்திருப்போம். டேட்டா சென்டர் விஷயத்தில் அந்தக் கூட்டம் வரவே வராது.

காரணம் இதுதான். 2006 ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் டேட்டா சென்டர் என்று தனி வகை இல்லை. அதைக் கட்டடமாகத்தான் பார்க்கிறார்கள். மொத்தக் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால், அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடி என்றால், பட்டியலின் 8 ஆவது இனத்தின் கீழ் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். 1,50,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பரிசீலனை இன்னும் கடுமை. ஆனால் 8 ஆவது இனம் முழுவதற்கும் மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் 50 மெகாவாட் மின்சாரம் குடிக்கும் கட்டடத்துக்கும் ஒரே அளவுகோல். இது தவறு என்பது என் உறுதியான கருத்து. சட்டம் மாறும்வரை விசாரணையை ஊரே நடத்திக்கொள்ள வேண்டியதுதான்.

20,000 சதுர மீட்டருக்குக் கீழே இருந்தால் இந்த அனுமதியே தேவையில்லை. அதனால் ஒரே நிலத்தில் "முதல் கட்டம்", "இரண்டாம் கட்டம்" என்று தனித்தனியாக விண்ணப்பம் போகிறதா என்று கவனியுங்கள்.

படி 1: சர்வே எண்ணைப் பிடியுங்கள்

கம்பெனிப் பெயரைத் தேடி அலைய வேண்டாம். நிலம் வாங்குவது ஒரு பெயரில், கட்டுவது இன்னொரு பெயரில், நடத்துவது மூன்றாவது பெயரில் இருக்கும். மாறாதது சர்வே எண் மட்டும்தான். கிராவல் கொட்டத் தொடங்கிய நிலம் எது என்று தெரிந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் அ-பதிவேடும் (ஊரின் நில வகைகளைச் சொல்லும் பதிவேடு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) பார்க்கலாம்.

அ-பதிவேட்டில் அந்த நிலம் என்ன வகை என்று பாருங்கள். உப்பளம், ஓடை, ஏரி, மேய்க்கால், கழுவெளி (கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்பு நிலம்) என்று ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைப் பத்திரப்படுத்துங்கள். எண்ணூர் கழிமுகம் வரைபடத்தில் இருந்தே காணாமல் போன கதை உங்களில் பலருக்குத் தெரியும். கழிமுகத்தைக் கட்டக்கூடாத பகுதியாகக் காட்டிய 1996 ஆம் ஆண்டு கடற்கரை மேலாண்மை வரைபடம் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியேதான் வெளியே வந்தது. ஒரு பழைய தாள் எத்தனை பெரிய ஆயுதம் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

அதே சர்வே எண்ணை மூன்று வரைபடங்களில் வைத்துப் பாருங்கள். ஒன்று, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் இரண்டாம் முழுமைத் திட்டம்: அந்த நிலம் குடியிருப்பா, தொழிற்சாலை மண்டலமா, செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் வருகிறதா? மண்டலத்தை மாற்றக் கேட்டிருந்தால் பத்திரிகையில் அறிவிப்பு வரும், அதிலேயே ஆட்சேபம் சொல்லக் கடைசி நாளும் இருக்கும். சட்டம் நம்மிடம் கருத்துக் கேட்கும் அபூர்வமான இடம் அது. இரண்டு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடம். கடலோரத்தில் உயர் அலைக் கோட்டில் இருந்து 500 மீட்டர் வரை அந்த மண்டலம்தான்; கொசஸ்தலையாறு, பக்கிங்காம் கால்வாய் போன்ற அலை ஏறி இறங்கும் நீர்நிலைகளின் கரைக்கும் தனிக் கணக்கு உண்டு. மூன்றாவது வரைபடம் உங்கள் பாட்டியின் ஞாபகம். மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போனது என்று கேட்டு, கையாலேயே ஒரு வரைபடம் போடுங்கள்.

படி 2: நான்கு எண்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். "சுற்றுச்சூழல் பாதிக்கும்" என்று பொதுவாகப் பேசினால் "பாதிக்காது" என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். எண்ணைக் கேட்டால் எண்ணைத்தான் சொல்லியாக வேண்டும். நான்கே எண்கள்: எத்தனை மெகாவாட், எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை லிட்டர் டீசல், எத்தனை டெசிபல்.

மெகாவாட். விளம்பரத்தில் சொல்லும் மெகாவாட் பெரும்பாலும் கம்ப்யூட்டர்களுக்கு மட்டுமான கணக்கு. குளிரூட்டலுக்கும் மற்றவற்றுக்கும் மேலே வேண்டும். மொத்த மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் மின்சாரத்தால் வகுத்தால் வருவதை பி.யு.இ. என்பார்கள். அது 1.5 என்று வைத்துக்கொண்டால் 50 மெகாவாட் மையம் உண்மையில் 75 மெகாவாட் இழுக்கும். முழுச் சுமையில் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 10.8 கோடி யூனிட். உங்கள் வீட்டு மின் அட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓட்டும் வீடு என்றால், 2 லட்சத்து 70 ஆயிரம் வீடுகள் சேர்ந்து ஓட்டும் கரன்ட் அது. அப்புறம் கேளுங்கள்: எந்தத் துணை மின்நிலையத்தில் இருந்து வருகிறது, 110 கிலோவோல்ட்டா 230 கிலோவோல்ட்டா, புதுக் கோபுரங்கள் யார் நிலத்தில் நிற்கும், அதற்கான செலவு யார் தலையில்? அயர்லாந்தில் 2023 இல் நாட்டின் மொத்த மின் பயன்பாட்டில் 21 சதவீதம் டேட்டா சென்டர்களுக்கே போனது. டப்ளின் பக்கம் புது இணைப்பு கொடுப்பதையே மின்தொகுப்பு நிறுவனம் ஏறக்குறைய நிறுத்தி வைத்தது. நமக்கு இன்னொரு கோணமும் உண்டு. இந்த ஊரில் மின்சாரம் என்றாலே நிலக்கரி, நிலக்கரி என்றாலே கொசஸ்தலையாற்றில் சாம்பல். மின்தேவை ஏறினால் அதைக் காரணம் காட்டி அடுத்த அனல்மின் அலகு வந்து நிற்கப்போவதும் இங்கேதான்.

லிட்டர் தண்ணீர். இங்கே முதல் கேள்வி குளிரூட்டும் முறை பற்றியது. காற்றால் குளிர்விக்கும் இயந்திரம் என்றால் தண்ணீர் மிகக் குறைவு, கரன்ட் அதிகம். குளிர்விப்புக் கோபுரம் என்றால் கரன்ட் குறையும், தண்ணீர் ஆவியாகிப் போகும். இரண்டையும் ஒரே பேச்சில் "நாங்கள் தண்ணீரும் எடுக்க மாட்டோம், கரன்டும் குறைவுதான்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

கோபுரக் கணக்கை வீட்டிலேயே போடலாம். ஒரு யூனிட் மின்சாரத்தின் சூட்டை ஆவியாக்கி வெளியேற்ற ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். 10 மெகாவாட் சூடு என்றால் ஒரு நாளைக்கு 2.4 லட்சம் யூனிட், 3.6 லட்சம் லிட்டர். ஆவியானது போக மிஞ்சும் தண்ணீரில் உப்பு ஏறிவிடும், அதை அவ்வப்போது திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். அதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 4.8 லட்சம் லிட்டர் வரை போகும். 12,000 லிட்டர் லாரியில் 40 லோடு. 50 மெகாவாட் என்றால் தினமும் 200 லோடு. தெருமுனையில் குடத்தை வரிசை கட்டி லாரித் தண்ணீருக்கு நிற்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் வேறு விளக்கம் தேவைப்படாது.

அடுத்த கேள்வி, தண்ணீர் எங்கிருந்து என்பது. போர்வெல் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது 1969 இலேயே பதிவானது. அப்போதிருந்து உறிஞ்ச உறிஞ்ச உப்பு உள்ளே நகர்ந்துகொண்டே போனது. சென்னைப் பகுதிக்கென 1987 இல் இருந்தே தனி நிலத்தடி நீர்ச் சட்டம் இருக்கிறது, அனுமதி வாங்கினார்களா என்று கேளுங்கள். லாரி என்றால் அந்த லாரி எந்த ஊர்க் கிணற்றில் நிரம்புகிறது என்று எழுத்தில் கேளுங்கள். கொடுங்கையூரில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கொடுக்கும் நிலையம் 2019 இல் இருந்து வட சென்னைத் தொழிற்சாலைகளுக்காகவே இருக்கிறது. "நல்ல தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட இல்லை, சுத்திகரித்த கழிவுநீர் மட்டும்தான்" என்பதை அனுமதி நிபந்தனையாகவே கேட்கலாம். உப்பேறிய கழிவு நீர் எங்கே போகிறது என்பதையும் விடாதீர்கள். கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைப்பவர்களுக்கு அதுதான் பெரிய கேள்வி.

லிட்டர் டீசல். 1 மெகாவாட் ஜெனரேட்டர் முழுச் சுமையில் மணிக்கு சுமார் 250 லிட்டர் டீசல் குடிக்கும். 12 மணி நேரத்துக்காவது எரிபொருள் கையிருப்பு வேண்டும் என்பது இந்தத் தொழிலின் தரக்கணக்கு. 75 மெகாவாட்டுக்கு அப்படிச் சேமித்தால் 2.25 லட்சம் லிட்டர். அது பள்ளிக்கூடத்தில் இருந்து எத்தனை மீட்டர்? வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமம் இருக்கிறதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வீட்டுச் சுவரெல்லாம் கறுப்பான ஊர் நம்முடையது. வெள்ளத்தில் டீசல் தொட்டி மிதந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க நம்மைவிடத் தகுதியானவர்கள் யாரும் இல்லை. மின்கலங்கள் லித்தியம் வகையா என்றும் கேளுங்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டர் எரிந்தது லித்தியம் மின்கலத்தில் இருந்துதான்.

டெசிபல். கூரையில் வரிசையாக நிற்கும் விசிறிகளின் ரீங்காரம் இரவு பகல் ஓயாது. சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் எல்லை. தொழிற்சாலைப் பகுதி என்றால் 75, 70. மதிலுக்கு அந்தப்பக்கம் தொழிற்சாலை, இந்தப்பக்கம் உங்கள் வீடு என்றால் எந்த எல்லை என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வழக்கமான டெசிபல் அளவை தாழ்ந்த 'ம்ம்ம்' ஒலியைக் குறைத்தே காட்டும். அதனால் டெசிபல்-சி அளவிலும் அளக்கச் சொல்லுங்கள். பலருக்கும் தெரியாத விஷயம் இது.

ஐந்தாவதாக ஒன்றையும் போகிற போக்கில் கேட்டுவிடுங்கள்: கட்டி முடித்தபின் நிரந்தர வேலை எத்தனை, அதில் உள்ளூருக்கு எத்தனை? கட்டும்போது கூட்டம் இருக்கும், கட்டி முடித்தபின் இத்தனை பெரிய கட்டடத்துக்கு ஆள் மிகக் குறைவு. எழுத்தில் வராத வாக்குறுதியைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

படி 3: காகிதங்களை வெளியே இழுப்பது

சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும். திருவள்ளூர், சென்னை இரண்டு மாவட்டத்தின் பெயரிலும் தேடுங்கள், நம் பகுதி எல்லையில் விண்ணப்பம் எந்த மாவட்டத்தில் போகும் என்று சொல்ல முடியாது. படிவம், வரைபடம், தண்ணீர்க் கணக்கு, கூட்டக் குறிப்புகள் எல்லாம் அதிலேயே கிடைக்கும். படிவத்தில் உள்ள தண்ணீர்க் கணக்கை மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் உங்கள் முதல் ஆட்சேபம் தயார்.

இரண்டாவது, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. 1974 ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981 ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் கட்டுவதற்கு முன் ஒன்று, ஓட்டுவதற்கு முன் ஒன்று வாங்க வேண்டும். மூன்றாவது, சி.எம்.டி.ஏ.வின் திட்ட அனுமதி. 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் உயர்மாடிக் கட்டடம் என்ற தனி வகையில் போகும்.

இணையத்தில் கிடைக்காததற்குத் தகவல் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் அனுமதித்தீர்கள்?" என்று கேட்டால் "கருத்து கேட்கிறார், தகவல் அல்ல" என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"… கிராமம், சர்வே எண் … இல் உள்ள நிலத்தில் டேட்டா சென்டர் அல்லது தகவல் தொழில்நுட்பக் கட்டடம் அமைக்கக் கோரி தங்கள் அலுவலகத்துக்கு வந்த விண்ணப்பம், இணைப்புகள், ஆய்வு அறிக்கைகள், கோப்புக் குறிப்புகள், வழங்கிய ஆணைகள் ஆகியவற்றின் நகல்களை வழங்கவும். மேற்படி கோப்பை நேரில் பார்வையிட நாளும் நேரமும் தெரிவிக்கவும்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கோப்பை நேரில் புரட்டிப் பார்ப்பது சட்டம் கொடுத்த உரிமை. நகலில் விடுபட்டுப் போகும் ஓரக்குறிப்புகள் நேரில்தான் கண்ணில் படும். ஒரே மனுவை மாசு கட்டுப்பாட்டு வாரியம், சி.எம்.டி.ஏ., மின்வாரியம், குடிநீர் வாரியம், வட்டாட்சியர் அலுவலகம் ஐந்துக்கும் ஒரே நாளில் போடுங்கள். பதில்கள் ஒன்றோடொன்று முரண்படும். குடிநீர் வாரியம் "விண்ணப்பமே வரவில்லை" என்று சொல்லி, பரிவேஷ் படிவத்தில் "குடிநீர் வாரியத் தண்ணீர்" என்று இருந்தால் அந்த இரண்டு தாளும் சேர்ந்து பேசும்.

படி 4: ஊர் நோட்டு

கட்டடம் வந்தபின் "சத்தம் கூடிவிட்டது, கிணறு உப்பாகிவிட்டது" என்றால் "முன்பு எவ்வளவு இருந்தது?" என்று கேட்பார்கள். அதற்கான பதிலை இன்றே எழுதத் தொடங்குங்கள். 200 பக்க நோட்டு ஒன்று போதும்.

பத்து வீட்டுக் கிணறு அல்லது கைப்பம்பில் மாதம் ஒருமுறை தண்ணீர் மட்டமும் டி.டி.எஸ். அளவும் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எழுதுங்கள். மீட்டர் சில நூறு ரூபாய்தான். குடிநீர்த் தரத்தில் 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. இரவு 11 மணிக்கு ஐந்து இடங்களில் ஒலி அளவு. ஃபோன் செயலி நீதிமன்றத்தில் கடைசி ஆதாரமாக நிற்காது, ஆனால் வாரியத்தை அளக்க வரவைக்க அது போதும். மிக்ஜாமில் தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் பெயின்டால் கோடு போட்டுத் தேதியோடு படம் எடுங்கள். மணலி புதுநகரும் சடையங்குப்பமும் பூண்டி திறந்துவிட்டாலே தத்தளிக்கும் இடங்கள். பக்கத்து நிலத்தை ஐந்தடி உயர்த்தினால் அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குள் வரும் என்பதற்கு அந்தக் கோடுதான் பதில் சொல்லும். மீனவர்கள் என்றால் எந்த இடத்தில் பாடு, என்ன மீன், எத்தனை கிலோ என்பதையும் எழுதுங்கள்.

நோட்டைப் பெண்களிடம் கொடுங்கள். தண்ணீர் எப்போது வந்தது, எப்போது நிறம் மாறியது என்பது அவர்களுக்குத்தான் தேதியோடு தெரியும்.

படி 5: ஊர்க் கூட்டம்

கூட்டத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே: நமக்கு என்ன வேண்டும்? வரவே கூடாதா, வேறு இடத்துக்குப் போகட்டுமா, நிபந்தனையோடு வரட்டுமா? மூன்றும் நியாயமான நிலைப்பாடுகள். நீர்நிலையிலும் கழுவெளியிலும் என்றால் ஒரே பதில், வேண்டாம். பழைய தொழிற்சாலை மூடிக் கிடக்கும் நிலத்தில், காற்றால் குளிர்வித்து, சுத்திகரித்த கழிவுநீரில் ஓட்டுகிறோம் என்றால் நான் உட்கார்ந்து பேசுவேன். உங்கள் ஊர் வேறு மாதிரி முடிவு செய்யலாம். ஆனால் ஊருக்குள் மூன்று குரல் இருப்பது வெளியே தெரிந்தால் மூன்றாகவே பிரித்துவிடுவார்கள்.

சிலி நாட்டில் செரியோஸ் என்ற பகுதியில் கூகுளின் டேட்டா சென்டருக்கு நொடிக்கு 169 லிட்டர் தண்ணீர் எடுக்கத் திட்டம் இருந்ததை அங்குள்ளவர்கள் காகிதத்தில் கண்டுபிடித்தார்கள். 2024 இல் சுற்றுச்சூழல் நீதிமன்றம் அனுமதியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு நிறுவனம் காற்றுக் குளிரூட்டலோடு புதிதாகத் தொடங்குவதாகச் சொன்னது. நெதர்லாந்தின் சேவோல்டே ஊரில் 2022 உள்ளாட்சித் தேர்தலே இந்தப் பிரச்சினையில் திரும்பியது, மெட்டா விலகிக்கொண்டது. அமெரிக்காவின் டூசான் நகர மன்றம் 2025 ஆகஸ்டில் ஒரு பெரிய திட்டத்தை ஒருமனதாக நிராகரித்தது. பாலைவன ஊர் அது, அங்கும் பேச்சு தண்ணீரைப் பற்றித்தான்.

ஊராட்சிப் பகுதியாக இருந்தால் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் சர்வே எண்ணும் நான்கு எண்களும் இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சிப் பகுதி என்றால் பகுதி சபையும் வார்டு கவுன்சிலரும். மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தில் நாட்டாமைகள் மட்டும் பேசி முடித்துவிடாமல், கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களையும் கூப்பிடுங்கள். அவர்களுக்குப் பட்டாவும் இல்லை, படகும் இல்லை, ஆனால் தண்ணீர் கெட்டால் முதல் பட்டினி அவர்களுக்குத்தான்.

மனுவில் ஒரே ஆள் பெயர் வேண்டாம். குறைந்தது இருபது பேர் கையெழுத்துப் போடுங்கள். ஒருவரை மிரட்டலாம், ஒருவருக்கு வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்லலாம். இருபது பேரிடம் அது கடினம். கம்பெனி ஆட்கள் பேச வந்தால் தனியாகப் பேசாதீர்கள். ஐந்து பேர் போங்கள், பேசியதை எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

"எல்லாரும் ஃபோன் வைத்திருக்கிறீர்கள், டேட்டா சென்டர் மட்டும் வேண்டாமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். கோபப்பட வேண்டாம். "வேண்டாம் என்று சொல்லவில்லை, எத்தனை லிட்டர் என்று கேட்கிறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

படி 6: ஆட்சேபக் கடிதம்

மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழுவும் மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமும் உங்களை அழைக்காது. ஆனால் எழுத யாரும் தடுக்கவில்லை. குழுவின் கூட்ட நிகழ்ச்சி நிரல் பரிவேஷில் வந்தவுடன், அந்தக் கூட்டத்துக்கு முன் கடிதம் போய்ச் சேர வேண்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். விண்ணப்பத்தின் எந்தப் பக்கத்தில் என்ன சொல்லியிருக்கிறார்கள், உங்கள் ஆவணம் என்ன சொல்கிறது, என்ன வேண்டும். நேரில் வந்து பார்க்கும்படி கேளுங்கள். பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் இரண்டும் வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர்ப்புக் கூட்டத்தில் அதே கடிதத்தைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த ரசீதுதான் பின்னால் "எங்களுக்கு முன்பே தெரிவிக்கப்பட்டது" என்பதற்கான அத்தாட்சி.

போராட்டம் என்றால் காவல் துறையில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

படி 7: 30 நாள்

இதை வலியோடுதான் எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு கிடங்கு வந்தது. அனுமதி கிடைத்த செய்தி பத்திரிகையில் சின்ன எழுத்தில் வந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. நான்கு மாதம் கழித்து லாரிகள் தெருவை அடைத்தபோதுதான் ஓடினோம். வக்கீல் தேதியைப் பார்த்தார், ஃபைலை மூடிவிட்டார்.

அனுமதி கிடைத்த 7 நாளுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் நிறுவனம் விளம்பரம் கொடுக்க வேண்டும். அதில் ஒன்று தமிழ் நாளிதழ். உள்ளாட்சி அலுவலகமும் அனுமதி நகலைப் பார்வைக்கு வைக்க வேண்டும். தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010 இன் 16 ஆவது பிரிவின்படி மேல்முறையீட்டுக்கு 30 நாள். தகுந்த காரணம் சொன்னால் இன்னும் 60 நாள். மொத்தம் 90 தாண்டினால் கதவு அடைபடும். அனுமதியை எதிர்க்காமல் நடக்கும் மாசை எதிர்ப்பது என்றால் 14 ஆவது பிரிவு, அதற்கு 6 மாதம். எனவே ஊரில் ஒருவர் வாரம் ஒருமுறை பரிவேஷைப் பார்க்க வேண்டும், இன்னொருவர் தினமும் இரண்டு நாளிதழின் அறிவிப்புப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். டீக்கடையில் பேப்பர் படிக்கும் பெரியவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள், தவறவிட மாட்டார்.

தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலசமகாலில் இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்களுக்கு சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியே இலவச வக்கீல் கிடைக்கும், எண் 15100. கொசஸ்தலையாற்றுச் சாம்பல் வழக்கில் 2022 இல் அந்தத் தீர்ப்பாயம் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கியது. அந்த வழக்கைத் தொடங்கியவர்கள் நம் மீனவர்கள்.

படி 8: கட்டடம் எழுந்துவிட்டால்

தோற்றுவிட்டோம் என்று நோட்டை மூட வேண்டாம். அனுமதியோடு வரும் நிபந்தனைகளைத் தமிழில் மொழிபெயர்த்து ஊர்ப் பொது இடத்தில் ஒட்டுங்கள். நிபந்தனைகளைப் பின்பற்றியதற்கான அறிக்கையை ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 இரண்டு தேதிகளிலும் நிறுவனம் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு தேதியையும் நாட்காட்டியில் வட்டம் போடுங்கள்.

ஜெனரேட்டர்களைச் சோதனைக்கு அவ்வப்போது ஓட்டுவார்கள். சத்தம் கேட்ட நாள், தொடங்கிய நேரம், நின்ற நேரம் மூன்றையும் ஊர் நோட்டில் எழுதுங்கள். தண்ணீர் லாரி கேட்டுக்குள் போனால் அதையும் ஒரு கோடு. ஆறு மாதம் கழித்து நிறுவனத்தின் அறிக்கை நகலைத் தகவல் உரிமையில் வாங்குங்கள். ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கும் தண்ணீர்க் கணக்கும் உங்கள் நோட்டோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பின் அடித்து, கிண்டியில் உள்ள மாசு கட்டுப்பாட்டு வாரியத் தலைமையகத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.